பழைய டேனிஷ் கதிரைகளைத் திருத்தக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

டென்மார்க்கில் இருக்கும் நம்மவர் வீடுகளில் 1950, 60களின் தேக்குத் தளபாடங்கள் நிறையவே இருக்கின்றன. வந்த புதிதில் பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாக வாங்கியவை. இன்று அவற்றுக்கு நல்ல மதிப்பு. அதனாலேயே "பழையதைப் புதிதாக்கித் தருகிறோம்" என்று சொல்லும் பட்டறைகளும் பெருகிவிட்டன. அப்படி ஒரு பட்டறையில் எங்கள் சாப்பாட்டுக் கதிரைகளைக் கொடுத்து வயிறெரிந்து போய் இருக்கிறோம். உங்களுக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கதிரைகள் கை கிறிஸ்டியன்சன் (Kai Kristiansen) என்ற டேனிஷ் வடிவமைப்பாளர் வடிவமைத்தவை. டேனிஷ் வடிவமைப்பாளர்களில் வெக்னர், ஃபின் யூல், ஆர்னே யாக்கப்சன் என்றால் எல்லோருக்கும் தெரியும். இவரை அவ்வளவாகத் தெரியாது. 1929இல் பிறந்தவர். முதலில் தச்சு வேலை பழகி, அப்புறம் கோப்பன்ஹேகன் கலைக் கழகத்தில் தளபாட வடிவமைப்பாளர் காரே கிளிண்டிடம் படித்தவர். எங்களுடையது 1956இல் இவர் வடிவமைத்த 42ஆம் இலக்கக் கதிரை. அதைப் பக்கவாட்டில் பார்த்தால் இசட் எழுத்துப் போல இருக்கும். கைப்பிடி முழு நீளம் இல்லை, பாதியில் நின்றுவிடும். அதனால் கதிரையை மேசைக்குள் நன்றாகத் தள்ளலாம், உட்காருவதும் எழும்புவதும் சுகம். முதுகு சாயும் பகுதி சட்டத்தோடு இறுக்கப்பட்டது இல்லை. இரண்டு பக்கமும் முளையில், அதாவது சிறு அச்சாணியில், தொங்கிக்கொண்டு, நீங்கள் சாயும் பக்கத்துக்குத் தானும் சாய்ந்து கொடுக்கும். இந்தக் கதிரையின் உயிரே அதுதான்.

அந்த உயிரைத்தான் எடுத்துவிட்டார்கள். கதிரைகளை எடுக்கப் போனபோது என் மனைவி ஒன்றில் உட்கார்ந்து சாய்ந்தார். முதுகுப் பகுதி அசையவில்லை. கையால் தள்ளிப் பார்த்தேன், சிமெந்து போட்டதுபோல் நின்றது. முளையைச் சுற்றிப் பசை வழிந்து காய்ந்திருந்தது. கேட்டதற்கு, "அது ஆடிக்கொண்டு இருந்தது, இறுக்கிவிட்டோம்" என்றார் பட்டறை ஆள், நல்லது செய்துவிட்ட முகத்தோடு. எதைத் திருத்துகிறோம் என்றே தெரியாமல் கை வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தபோது மிச்சமும் தெரிந்தது. கால் சேரும் மூட்டுகளில் வெளியிலிருந்து திருகாணி அடித்து, மேலே மரத்தூளும் பசையும் அப்பி மறைத்திருந்தார்கள். மூட்டு தளர்ந்தால் அதைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தம் செய்து, திரும்ப ஒட்டிப் பிடிகருவியில் இறுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பசையைப் பெரும்பாலும் வெப்பமும் ஈரமும் கொடுத்து இளக்கலாம். எப்பொக்சி என்ற இரசாயனப் பசை போட்டால் அந்த வழி போய்விட்டது. அடுத்த தடவை பசை விடாது, மரம்தான் பிளக்கும். திருகாணி அதைவிட மோசம். பாரம் ஏற ஏற அது மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

கைப்பிடியின் விளிம்பு மெல்லிய கோடுபோல் கூராக ஓட வேண்டும். மெஷினைப் போட்டுத் தேய்த்து அதை மொழுக்கையாக்கிவிட்டார்கள். அறுபது வருடத்தில் தேக்கு தானாக எடுத்திருந்த அந்த ஆழ்ந்த நிறமும் போய், மேலே பளபளவென்று பொலியூரித்தேன் வார்னிஷ். எண்ணெய் பூசிய தேக்கை நீங்களே துடைத்து, திரும்ப எண்ணெய் போட்டு வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வார்னிஷ் கீறினால் முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டும்போது இன்னும் கொஞ்சம் மரம் போகும். இதாவது முழு மரத்தில் செய்தது. அலமாரி, மேசை என்றால் பெரும்பாலும் மேலே ஒட்டியிருப்பது ஒரு மில்லிமீட்டரும் தேறாத மரத்தகடு. அதில் இப்படி மெஷின் போட்டால் அடுத்த நிமிடம் அடிப்பலகை தெரியும்.

இதற்கு மேல், "இதே மாதிரியில் ரோஸ்வுட் கதிரை இரண்டு இருக்கிறது, காசாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்று வேறு அந்தப் பட்டறை ஆள் கேட்டார். கடதாசி எதுவும் இல்லையாம். அது பிரேசில் ரோஸ்வுட் என்றால் சிக்கல்தான். அந்த மரம் 1992இலிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும். பழம்பொருள் என்ற விலக்கு 1947க்கு முன் செய்தவற்றுக்குத்தான். 1956இல் வந்த மாதிரிக்கு அது எப்படிப் பொருந்தும்? வாங்கினால் நாளைக்கு உங்களாலும் விற்க முடியாது.

இன்னொன்று. அடியில் இருக்கும் வட்டமான டேனிஷ் தரக்கட்டுப்பாட்டு முத்திரையைக் காட்டி, "இது பெரிய ஆள் செய்தது" என்று விலை ஏற்றுகிறார்கள். அந்த முத்திரை தயாரிப்பின் தரத்தைச் சொல்வது. வடிவமைத்தது யார் என்று அது சொல்லாது.

கொடுக்கும் முன் அந்தப் பொருள் எப்படி வேலை செய்யும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கதிரை என்றால் முதுகு ஏன் அசைகிறது என்று கேளுங்கள். தடுமாறினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என்ன பசை, மேலே எண்ணெயா வார்னிஷா, மெஷினா கையா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். முதலில் ஒன்றே ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம், மூட்டு, முத்திரை எல்லாவற்றையும் கிட்ட வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்தப் படங்கள் இருப்பதால்தான் இன்று வாதாட முடிகிறது.

பட்டறைக்கு எழுத்தில் முறையிட்டோம். "பழைய மரம் அப்படித்தான்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் விபோர்க் நகரில் இருக்கும் நேவ்னனஸ் ஹூஸ் (Nævnenes Hus) என்ற அரச முறைப்பாட்டு அலுவலகத்துக்கு நுகர்வோர் முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை பட்டறையின் பெயரைப் பொதுவில் போடவில்லை. டென்மார்க்கின் யூலண்ட் பக்கம் யாராவது கதிரை கொடுக்க இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், எங்கள் படங்களை அனுப்புகிறேன். பசையால் இறுகிய அந்த முளைகளை மரம் உடையாமல் கழற்றத் தெரிந்த ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.