கிளவுடா, டவரா, சாலையோரப் பெட்டியா? வண்டி நெட்வொர்க்குக்கு ஃபாக் கம்ப்யூட்டிங் தேர்வு

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். எச்சரிக்கை 100 மில்லிநொடி பிந்தினால் இரண்டரை மீட்டர் போய்விடும். தொலைதூர சர்வரை மட்டும் நம்பாமல், கணினி வேலையை வண்டிக்குப் பக்கத்திலேயே செய்வதுதான் ஃபாக் கம்ப்யூட்டிங். அந்த வேலையை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது பலரும் சராசரித் தாமதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நூறு பாக்கெட்டில் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) கடைசியாக வந்து சேர்வது எவ்வளவு பிந்துகிறது என்று பாருங்கள். விபத்து நடப்பது அந்த ஒன்றில்தான்.

முதலில் கிளவுட், அதாவது தொலைவிலுள்ள பெரிய சர்வர் மையம். ஃபைபரில் ஒளி ஒரு கி.மீ. போக சுமார் 5 மைக்ரோநொடி ஆகும். சர்வர் 1,000 கி.மீ. தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிநொடி. அதைத் தாங்கிக்கொள்ளலாம். வழியிலுள்ள ரூட்டர்களில் வரிசை எப்போது நீளும் என்று சொல்ல முடியாததுதான் சிக்கல். மேப் புதுப்பிப்பு, மாடல் பயிற்சி, மாதக் கணக்கிலான போக்குவரத்துப் புள்ளிவிவரம் ஆகியவற்றில் கிளவுடை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிரேக் எச்சரிக்கையை மட்டும் அங்கே அனுப்பாதீர்கள்.

அடுத்து மொபைல் டவரை ஒட்டிய எட்ஜ் சர்வர், சுருக்கமாக எம்இசி. நெடுஞ்சாலைக்கு இதுவே என் முதல் தேர்வு: ஒரு டவரின் எல்லை பெரிது, ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாறும் கைமாற்றம் குறைவு. ஆனால் இரண்டு இடங்களில் கவிழ்கிறது. பாக்கெட் டவரிலிருந்து ஆபரேட்டரின் மையமான கோர் நெட்வொர்க் வரை போய்த் திரும்பும்படி அமைத்துவிட்டால், எட்ஜ் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். டவருக்குப் பக்கத்திலேயே டேட்டாவைப் பிரித்து எடுக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து வண்டிகளில் வேறு வேறு ஆபரேட்டர் சிம் இருந்தால், பத்து மீட்டர் போக வேண்டிய செய்தி வேறு ஊர் சுற்றி வரும்.

சாலையோரம் நிறுவும் சிறு கணினியான ஃபாக் பெட்டிதான் சாலைச் சந்திப்புகளுக்குப் பொருத்தம்: கேமரா, ரேடார், சிக்னல் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரேடியோ எல்லை 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 600 மீட்டர் கடக்க 90 கி.மீ. வேக வண்டிக்கு 24 நொடி. வண்டியின் சேவையை அடுத்த பெட்டிக்கு மாற்ற 200 எம்பி கன்டெய்னரை (ஓடத் தேவையானதெல்லாம் அடங்கிய மென்பொருள் பொதி) 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்பினால் 16 நொடி போய்விடும். அது வந்து சேரும்போது வண்டி பாதிக்கு மேல் தாண்டியிருக்கும். அதனால் மென்பொருளை எல்லாப் பெட்டியிலும் முன்கூட்டியே நிறுவி, வண்டியின் நிலை, வேகம், தடம் ஆகிய சில கிலோபைட்டை மட்டும் முன்னால் தள்ளுங்கள்.

அடுத்த இடி ரேடியோவில். வண்டிகளுக்கான வைஃபை தரமான 802.11p-யின் 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் வழக்கமான வேகம் 6 எம்பிபிஎஸ். நூறு வண்டிகள், நொடிக்கு பத்துச் செய்தி, ஒவ்வொன்றும் 300 பைட் என்றால் 2.4 எம்பிபிஎஸ், இதுவே சேனலில் 40 சதவீதம். ஒவ்வொரு செய்தியின் முன்னால் ஒட்டும் தலைப்புத் தகவலும், செய்திகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒலிபரப்புச் செய்திக்கு ‘கிடைத்தது’ என்ற பதிலும் கிடையாது. மோதிய பாக்கெட் சத்தமில்லாமல் தொலையும். வீடியோவை இதில் ஏற்றுவது வீண். கேமராவைப் பெட்டியோடு கம்பியில் இணைத்து, ‘வடமேற்கே பாதசாரி, இந்த வேகம், இந்தத் திசை’ என்ற பொருள் பட்டியலை மட்டும் காற்றில் அனுப்ப வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் யாரும் எழுதாத ஒன்று கடிகாரம். இணைய இணைப்பு அறுந்தால் நேர ஒத்திசைவும் மெல்ல விலகும். 50 மில்லிநொடி பிசகினால் 25 மீ./நொடி வண்டியின் இடம் ஒன்றேகால் மீட்டர் தவறாகும். பெட்டிக்குள் ஜிபிஎஸ் ரிசீவர் வையுங்கள். சுரங்கப்பாதையில் அதுவும் வேலை செய்யாது, அங்கே கம்பிவழி ஒத்திசைவு வேண்டும். வெயிலில் பெட்டி சூடேறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் 8 மில்லிநொடி காட்டியது நண்பகலில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பக்கத்து வண்டிகளின் கணினியைக் கடன் வாங்கும் யோசனை தாளில் அழகு. எதிரெதிரே 90 கி.மீ.யில் வரும் இரண்டு வண்டிகளின் சந்திப்பு, அதே 300 மீட்டர் எல்லையில், 12 நொடிதான். நிறுத்திவைத்த வண்டிகளில் செய்து பார்க்கலாம், அவசர வேலைக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் மோதல் தவிர்ப்பின் கடைசி முடிவு வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஃபாக் தகவல் வந்தால் கூடுதல் கண், வராவிட்டால் வண்டி தன் சென்சாரோடு ஓட வேண்டும். ஏற்கும் முன், பெட்டியை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்: எச்சரிக்கைகள் தொடர்கின்றனவா, நேரம் எவ்வளவு விலகியது, கேபிளைத் திரும்பச் செருகியதும் தேங்கிய பழைய செய்திகள் புதியவை போல வெளியே கொட்டுகின்றனவா. மூன்றாவதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஒவ்வொரு செய்தியிலும் காலாவதி நேரம் வைத்தால் தீரும்.