320 எம்பி3-க்கும் ஃபிளாக்குக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

சுருக்கமான பதில்: ஒரே சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக்கையும் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபார்மட்), லேம் என்ற எம்பி3 என்கோடரில் செய்த 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3-யையும் எது எதுவென்று தெரியாமல் கேட்டால் பெரும்பாலோரால் பிரிக்க முடியாது. 128-இல் பிரிக்கலாம். அதுவும் எல்லாப் பாட்டிலும் இல்லை, சில இடங்களில்தான். ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்து வீடுகளிலும் கோவில் அலமாரிகளிலும் பழைய கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது தப்பான ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தால் வரும் நஷ்டம் பெரிது. அதற்குப் பின்னால் வருவோம்.

முதலில் கணக்கு. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. அதாவது விநாடிக்கு 1411 கிலோபிட். ஃபிளாக் இதில் ஒரு பிட்டைக்கூட எறியாமல், பாட்டைப் பொறுத்துப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை மடித்து வைக்கும். திறந்தால் மூலம் அப்படியே திரும்பி வரும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் வேறு வகை: காது கவனிக்காது என்று கணித்த பகுதியை எறிந்துவிடும், எறிந்தது திரும்பாது. ஒரு மணி நேரப் பாட்டுக்கு 128 ஓபஸ் சுமார் 58 எம்பி, 320 எம்பி3 144 எம்பி, ஃபிளாக் ஏறக்குறைய 380 எம்பி. ப்ரீபெய்டில் 1 ஜிபி டேட்டா போட்டு மொபைலில் கேட்பவருக்கு இது 17 மணி நேரமா, 7 மணி நேரமா, இரண்டரை மணி நேரமா என்ற கேள்வி.

எம்பி3 எங்கே தடுமாறும்? தவிலில். காரணம் தெரிந்தால் எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அலைவரிசைகளாகப் பிரிக்கிறது. நீளமான துண்டின் ஜன்னல், அதாவது ஒரே தடவையில் பார்க்கும் நீளம், 1152 சாம்பிள் (சிடியில் விநாடிக்கு 44,100 சாம்பிள்), அதாவது 26 மில்லிவிநாடி. பிட்டைக் குறைப்பதால் உண்டாகும் இரைச்சல் அந்த 26 மில்லிவிநாடி முழுவதும் பரவும். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அடி அந்த ஜன்னலின் கடைசியில் இருந்தால், அடி விழும் முன்பே இரைச்சல் கேட்கத் தொடங்கும். பெரிய சத்தம் தனக்குப் பின்னால் வருவதை 100 மில்லிவிநாடிக்கு மேலும் மறைக்கும். முன்னால் வருவதைச் சில மில்லிவிநாடிதான் மறைக்கும். அதனால் ‘டக்’ என்று வெட்டிக் கேட்க வேண்டிய அடி ‘ச்டக்’ என்று மழுங்கிக் கேட்கும். ஜால்ராவும் கஞ்சிராவின் சலங்கையும் இப்படித்தான் மாட்டும்.

இதைத் தவிர்க்க என்கோடர் அடி வரும் இடத்தில் குட்டி ஜன்னலுக்கு மாறும். ஆனால் பக்கத்தில் நாதஸ்வரம் நீண்ட கார்வை பிடித்துக்கொண்டிருக்கிறதே! அதற்கு நீள ஜன்னல்தான் லாபம்; குட்டி ஜன்னலில் அதன் மேற்சுரங்களைத் துல்லியமாகப் பிரிக்க முடியாமல் அதிகப் பிட் செலவாகும். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும் காவடிப் பதிவு 128 எம்பி3-க்குக் கடும் சோதனையாக இருப்பது இதனால்தான். 192-இல் பெரும்பாலும் சரியாகிவிடும். 256-க்கு மேல் பழகிய காது, தேர்ந்தெடுத்த சில விநாடிகளில் மட்டும் பிடிக்கலாம். தம்புராவோடு தனிக்குரலில் பாடும் தேவாரத்தில் 160-இலேயே பலருக்கு வித்தியாசம் தெரியாது.

ஏஏசியின் குட்டி ஜன்னல் 256 சாம்பிள், 6 மில்லிவிநாடிகூட வராது. எனவே அதே பிட்ரேட்டில் அடி இன்னும் சுத்தமாக வரும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் இன்னும் சிக்கனம். 128-இல் அது தரும் ஒலிக்கு எம்பி3-யில் கிட்டத்தட்ட 192 வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. எம்பி3-யை விட்டால் வழியில்லை என்றால், 320-ஐ விட லேமின் வி2 என்ற மாறும் பிட்ரேட் அமைப்பு போதும்: சராசரி 190 கேபிபிஎஸ், கடினமான இடத்தில் தானே ஏறும், மௌனத்தில் தானே இறங்கும்.

“128-இல் மேல் அலைவரிசையை வெட்டிவிடுகிறார்களே” என்று பலர் குறைப்படுகிறார்கள். வெட்டுவது உண்மை, 16 அல்லது 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆனால் எஃப்எம் வானொலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, ஸ்டீரியோவுக்கான பைலட் சிக்னல் 19-இல் இருப்பதால். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மில் பாட்டுக் கேட்டுவிட்டு யாரும் ‘மேல் சுரம் காணோம்’ என்று சொல்வதில்லை. நடுவயது தாண்டிய பல காதுகள் அந்த உயரத்தைக் கேட்பதுமில்லை. 128-இன் நிஜமான குறை கீழே, ஜால்ரா தண்ணீருக்குள் ஒலிப்பதுபோலக் குழைவதில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். சொந்தச் சிடியை ஃபிளாக்காக எடுத்து, அதே ஃபிளாக்கிலிருந்து எம்பி3 செய்யுங்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவது முக்கியம். இணையத்தில் கிடைத்த எம்பி3-யையும் வேறு எங்கோ வாங்கிய ஃபிளாக்கையும் ஒப்பிட்டால் நீங்கள் கேட்பது இரண்டு வேறு மாஸ்டரிங்கின் வித்தியாசத்தை. விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பிளேயரையும், எது எதுவென்று சொல்லாமல் ஒப்பிட்டுக் கேட்கவைக்கும் அதன் ஏபிஎக்ஸ் கம்பேரட்டரையும் நிறுவி, ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயினை டிக் செய்யுங்கள். ஒலியளவு அரை டெசிபல் கூடியிருந்தாலே அது ‘நல்ல ஒலி’ என்று மனம் தீர்மானித்துவிடும், வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். தவில் அடி உள்ள 5 முதல் 10 விநாடித் துண்டைத் தேர்ந்தெடுத்து 16 சுற்று ஓட்டுங்கள். 12 சரியென்றால் குருட்டாம்போக்கில் அது வருவதற்கு 100-க்கு 4 வாய்ப்புதான். 14 என்றால் சந்தேகமே வேண்டாம். எத்தனை சுற்று என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நல்ல எண் வந்த இடத்தில் நிறுத்தினால் அந்தச் சோதனை செல்லாது. மாற்றும் கணத்தில் ‘க்ளிக்’ கேட்டாலோ இரண்டும் சில மில்லிவிநாடி விலகி ஓடினாலோ, நீங்கள் பிடிப்பது அந்தத் தடயத்தை, ஒலியை அல்ல. மிக உரக்க மாஸ்டர் செய்த படப்பாட்டுகளில் இன்னொரு சிக்கல்: எம்பி3 விரியும்போது உச்சம் எல்லை தாண்டி வெடிக்கும். சில டெசிபல் குறைத்து ஓட்டினால் போய்விடும்.

புளூடூத் ஹெட்போனில் இந்தச் சோதனை வேண்டாம். புளூடூத்தின் அடிப்படைச் சுருக்கமுறையான எஸ்பிசி வழக்கமாக 328 கேபிபிஎஸ் வரைதான் போகும். உங்கள் ஃபிளாக் காதுக்கு வரும் முன் மறுபடி சுருங்கிவிடுகிறது. எல்டேக் என்ற உயர்தர புளூடூத் முறை 990 வரை போனாலும் அதுவும் எறிந்து சுருக்கும் வகையே. கம்பி போட்ட ஹெட்போன் எடுங்கள்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ‘ஹைரெஸ்’ பற்றி ஒரு வார்த்தை. மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் ஹைரெஸ் ஒலியின் நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் கருவியைச் செருகிச் சோதித்தார்கள். 554 சுற்றில் பாதிக்குப் பாதிதான் சரி. 2016-இல் ரைஸ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரியாக வந்தது, பயிற்சி பெற்றவர்களிடம் 60-ஐ ஒட்டி. வீட்டில் பாட்டுக் கேட்பவர் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இனி கேசட். இங்கே ஃபிளாக்கைத் தவிர வேறு பேச்சே இருக்கக் கூடாது. எம்பி3-யால் உண்டாகும் இரைச்சல் பெரிய ஒலிக்கு அடியில் மறைந்திருக்கிறது. பின்னால் யாரோ டேப்பின் ‘ஸ்’ சத்தத்தை நீக்கவோ, மங்கிய குரலை ஈக்வலைசரில் தூக்கவோ முற்பட்டால் அந்த மறைப்பு கலைந்து குழைசல் வெளியே வரும். எம்பி3-யை இன்னொரு முறை எம்பி3 ஆக்கினாலும் சேதம் கூடும். தாத்தா பாடிய திருப்புகழும் ஊர்த் தெருக்கூத்தும் வேறு எங்கும் பிரதி இல்லாதவை. 60 நிமிடக் கேசட்டுக்கு ஒரு ஜிபிகூட ஆகாத இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அவற்றைக் கெடுக்கக் கூடாது.

ஃபார்மட்டைவிட முதலில் டெக்கைப் பாருங்கள். ஹெட்டைச் சுத்தம் செய்து, மோனோவில் கேட்டபடி ஹெட்டின் பக்கத் திருகை மெல்லத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஹெட் சாய்ந்திருந்தால் போகும் மேல் சுரம் 128 எம்பி3 எறிவதைவிட அதிகம், பதிவான பிறகு எதனாலும் மீளாது. டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிவாகாத கேசட்டுக்கு டால்பி பொத்தானை அமுக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கும்படி பதியுங்கள். கேசட்டுக்கு 16 பிட்டே தாராளம்; 24 என்பது லெவல் தவறினாலும் தப்பிக்கத்தான். இரைச்சல் நீக்காத அந்த ஃபிளாக்கை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

உறவினருக்கு அனுப்ப அதிலிருந்து ஓபஸ் 96 அல்லது எம்பி3 வி2 பிரதி எடுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இருந்தபடியே போகும். ஸ்பீக்கர் எதிரே போனை வைத்துக் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால், பேச்சுக்கென்று குறைத்த பிட்ரேட்டில் தவில் சிதைந்துவிடும். யாராவது ‘யூடியூபிலிருந்து எடுத்த ஃபிளாக்’ என்று கொடுத்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்தாற்போல் வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஃபிளாக் பெட்டிக்குள் மாற்றி வைத்த எம்பி3 அல்லது ஏஏசி. அதை அழித்துவிட்டு மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.