பைக் ஃபிரேம் பவுடர் கோட்டிங்கை உரிக்க: ரிமூவரா, பிளாஸ்டிங்கா?

மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் கலந்த ரிமூவரைத் தடிமனாகப் பூசி பிளாஸ்டிக் தாளால் மூடினால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவி அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைத்த பெயின்ட்) பொங்கிச் சுருண்டு வரும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். அதன் ஆவி உயிரைப் பறிக்கக்கூடியது, சாதாரண நைட்ரைல் கையுறையும் தாங்காது. வெல்டிங் இடுக்கில் ரிமூவர் தங்கிவிட்டால், மறுபடி கோட்டிங் போட்டு 200 டிகிரி அடுப்பில் வைக்கும்போது அது கசிந்து கொப்புளமாகும். தண்ணீரில் நன்றாக அலசி, கோட்டிங்குக்கு முன் ஒருமுறை வெறும் ஃபிரேமையே சூடேற்றி எடுங்கள்.

பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து உரிப்பது, மெதுவான வேலை. கோட்டிங் வளைந்து கொடுப்பதால் துகள்கள் துள்ளித் தெறிக்கும். ஆனால் புதுப் பூச்சு பிடிக்கத் தேவையான சொரசொரப்பு இதில்தான் கிடைக்கும். ஸ்டியரிங் பேரிங் இருக்கை, மரைகள், சேஸிஸ் எண் மூன்றையும் மறைக்காமல் தொடங்கவே கூடாது. ஆற்றுமணல் வேண்டாம், நுரையீரலைக் கெடுக்கும். அலுமினியம் ஆக்சைடு போதும்.

ரிமூவரில் உரித்து, பிறகு லேசாக பிளாஸ்ட் செய்வதே எங்கள் தேர்வு. அன்றே கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள், வெறும் இரும்பு ஒரே இரவில் துருவேறும்.