மலைப்பாதைக்குப் போகும் பழைய ஸ்விஃப்ட்: டிஸ்க், பிரேக் பேட் மாற்றி 38,000 கிலோமீட்டர்

என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. அக்கா வால்பாறையில் ஆசிரியையாக இருக்கிறார். அம்மாவும் அவரோடுதான் தங்கியிருக்கிறார். அதனால் மாதத்தில் இரண்டு முறையாவது பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். முன்சக்கர டிஸ்க்குகளையும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுகள்) பேடுகளையும் (பிரேக் மிதிக்கும்போது அத்தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) 2021 ஆகஸ்டில் சேர்த்து மாற்றினேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், அது எப்படி உழைத்தது என்பதை, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் செய்த தவறைச் சொல்ல வேண்டும். 2019-இல் பேட் தேய்ந்து கீச்சென்ற சத்தம் வந்தபோது ஒரு பணிமனையில் வண்டியை விட்டேன். "டிஸ்க் நன்றாக இருக்கிறது சார், பேட் மட்டும் போதும்" என்றார்கள். எதைக் கொண்டு அளந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சில மாதங்களில், மலை இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. ஒரு மாலை, மேலிருந்து முப்பது வளைவுகளைக் கடந்து 9-ஆம் வளைவிலுள்ள காட்சிமுனைக்கு வருவதற்குள் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. கருகல் வாடையும் அடித்தது. அம்மா பின்னிருக்கையில் இருந்தார். அங்கேயே நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மீதி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே இறங்கினேன். அந்தப் பேடுகள் 11,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை.

அடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கின் விளிம்பில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். பேட் படாத ஓரத்தில் ஒரு வரப்பு போல மேடு எழும்பி நின்றது. சாதாரண வெர்னியரை (இரு தாடைகளுக்கு இடையே வைத்துத் தடிமன் அளக்கும் கருவி) குறுக்கே வைத்தால் அதன் தாடைகள் இந்த மேட்டின்மீதுதான் உட்காரும். தேய்ந்துபோன டிஸ்க்கும் புதியது போல அளவு காட்டும். அவர் மைக்ரோமீட்டரை உள்ளே செலுத்தி, வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்தார். இவ்வகை டிஸ்க்குகளில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிய தடிமனுக்கும் அதற்கும் பொதுவாக 2 மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. என் டிஸ்க் அந்த எல்லைக்கும் 0.4 மில்லிமீட்டர் கீழே போயிருந்தது. லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்டேன். ஏற்கெனவே எல்லை தாண்டிய இரும்பை இன்னும் மெலிதாக்கினால் அது தாங்கும் வெப்பம் மேலும் குறையும் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியே.

அவர் காட்டிய இன்னொன்று எனக்குப் பெரும் பாடம். வெளிப்பக்கப் பேடில் பாதி மிச்சமிருக்க, உள்பக்கப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் துருவேறி இறுகியிருந்ததால், பிஸ்டன் தள்ளும் உள்பேடே வேலை முழுவதையும் சுமந்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த பேடைப் போட்டிருந்தாலும் அதே கதிதான்.

இனி தேர்வு. துளையிட்ட, கோடுபோலப் பள்ளம் வெட்டிய டிஸ்க்குகளைப் பலர் பரிந்துரைத்தார்கள். துளைகளின் ஓரத்தில் விரிசல் தொடங்க வாய்ப்புண்டு என்பதாலும், இவ்வளவு சிறிய வண்டிக்கு அவற்றால் பெரிய ஆதாயம் இல்லை என்பதாலும், கம்பெனியின் அசல் சாதா டிஸ்க்குகளையே ஜோடியாக வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கலாம். பேடில் செராமிக் வகை சத்தமும் தூசும் குறைந்தது, விலை கூடியது. செமி மெட்டாலிக் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக் வகை மென்மையானது, நகர ஓட்டத்துக்குப் போதுமானது. என் பாதையை நினைத்து, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் செமி மெட்டாலிக் பேடை எடுத்தேன். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வுக் கெழுவை, அதாவது பிடிப்பின் அளவைக் குறிக்கும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. நான் வாங்கியதில் இரண்டுமே 'எஃப்'. இரண்டாவது எழுத்து முதலாவதைவிட இறங்கியிருந்தால், சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும் என்று பொருள். மலைக்குப் போகிறவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பொருத்தும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். டிஸ்க் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் இருந்த துருவை மெக்கானிக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்தார். அங்கே ஒரு சிறு செதில் மிஞ்சினாலும் புதிய டிஸ்க் கோணலாகச் சுழலும். ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவினார். பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றி டாட் 4 என்ற தர வகை ஆயிலை நிரப்பினோம். டாட் 3-இன் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அவை 140, 155 என இறங்கிவிடும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பிறகு ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுவதும் நிற்காமல், பத்து முறை வேகத்தைக் குறைத்துப் பேடை டிஸ்க்கோடு பழக்கினேன்.

இந்த 38,000 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுக்கம் ஒருமுறைகூட வரவில்லை. மழைக்காலக் காலைகளில் முதல் இரண்டு மூன்று மிதிப்புகளில் லேசான உராய்வுச் சத்தம் கேட்கும்; இரவில் படிந்த மெல்லிய துரு போனதும் அது நின்றுவிடும். குறை என்றால் தூசுதான். முன்சக்கர ரிம் வாரத்துக்குள் கருத்துவிடுகிறது. சென்ற மாதம் கழற்றி அளந்தபோது உள்பேட் 4.5, வெளிப்பேட் 5 மில்லிமீட்டர் இருந்தன. டிஸ்க் எல்லைக்கு மேல் இன்னும் 1.1 மில்லிமீட்டர் மிச்சம். பேட் 3 மில்லிமீட்டரைத் தொட்டதும் இதே வகையை மறுபடியும் போடுவேன். அன்றைக்கே பின்சக்கர டிரம்களையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.