48 அடி, 36 விநாடி: ரீப்பரோடு மூன்று குறும்படங்கள்

சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டூடியோ. பகலில் பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் தூங்கியபிறகுதான் இசை. இதுவரை மூன்று குறும்படங்களுக்கு ரீப்பர் (Reaper) என்ற இசைப்பதிவு மென்பொருளில்தான் ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை, முடித்தேன். டர்பனில் என்னைப்போல் நேரமும் காசும் குறைவாக இருந்தும் படத்துக்கு இசையமைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது உதவும்.

கடைசிப் படத்தில் ஒரு காட்சி. பல வருஷம் கழித்து மகன் வாசலில் வந்து நிற்கிறான். 40ஆவது விநாடியில் அம்மா கதவைத் திறக்கிறார். டெம்போ 72, அதாவது நிமிஷத்துக்கு 72 அடி. பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நாலு அடி, மொத்தம் 12 பார். 48 அடி முடிந்து அடுத்த அடி விழும்போது கதவு திறக்கும். ஒப்படைக்க இரண்டே நாள் இருக்கும்போது டைரக்டர் தம்பியிடமிருந்து போன். "அக்கா, அந்த சீன்ல கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டோம்." கதவு 36ஆவது விநாடிக்கு வந்துவிட்டது.

இங்கேதான் ரீப்பர் கைகொடுத்தது. எது விநாடியோடு நிற்கும், எது அடியோடு நகரும் என்று முடிவுசெய்வது டைம்பேஸ் என்ற செட்டிங். ப்ராஜெக்டுக்கு அதை 'டைம்' என்றும், இசை டிராக்குகளுக்கு மட்டும் 'பீட்ஸ்' என்றும் முதல் நாளே வைத்திருந்தேன். இப்படி வைத்தால், கதவு திறப்பது போன்ற இடங்களைக் குறிக்கும் மார்க்கர்கள் படத்தோடு நிற்கும், ஸ்வரங்கள் டெம்போவோடு போகும். அடிகளை 60ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தேன், 80 வந்தது. டெம்போவை மாற்றியதும் மிடியில் (ஒலியாக இல்லாமல் ஸ்வரக் குறிப்பாகப் பதியும் முறையில்) வாசித்த தந்தி வாத்தியங்கள், தாளம் எல்லாம் புதுக் கதவில் போய்ச் சரியாக உட்கார்ந்தன.

நாதஸ்வரம் மட்டும் மைக் வைத்துப் பதிந்தது. சுருதி மாறாமல் அதையும் ரீப்பர் சுருக்கித் தந்தது. ஆனால் ஹெட்போனில் கேட்டால், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் இடத்தில் கமகம் பதறியது, வாசிக்கிறவர் மூச்சு அறுந்த மாதிரி. அந்த அம்மாவின் முகத்துக்குக் கீழே அப்படி ஒரு மூச்சு கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் கோயில் நாதஸ்வர அண்ணனை மறுபடி வரவழைத்தேன். டெம்போ 80இல் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் கேட்டபடி கடைசி எட்டுப் பாரை அவர் ஒரே டேக்கில் வாசித்துவிட்டார். நிஜ வாத்தியத்தைப் பதிகிறவர்கள் எடிட் முடிவாகும்வரை காத்திருப்பதே நல்லது.

குறை என்றால், ஆர்க்கெஸ்ட்ரா ஒலிகள் ரீப்பரோடு வராது, தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். வீடியோவைப் பொறுத்தவரை எடிட்டரிடம் டைம்கோட் (திரையில் ஓடும் நேர எண்) பதித்த சின்ன ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், பெரிய ஃபைல் லேப்டாப்பைத் திணறடிக்கும். ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) 24ஆ 25ஆ என்பதையும் அப்போதே கேட்டு செட்டிங்ஸில் போட்டுவிடுங்கள்.

ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர், ரேண்டில் சுமார் ஆயிரம். மாதச் சந்தா கிடையாது. நான் என் முதல் படத்தின் சம்பளத்தில் வாங்கினேன்.