பி.ஏ. முடித்தவர் ஜிஐஎஸ் படிக்க மூன்று வழிகள்: எதில் போகலாம்?

ரேஷன் கடை, குடிநீர், பள்ளி இடைநிற்றல் என்று எதை ஆய்வுக்கு எடுத்தாலும் "மேப்ல காட்டுங்க" என்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பொருளியல், சமூகவியல், சமூகப்பணி படித்தவர்கள் ஜிஐஎஸ் (தரவை இடத்தோடு இணைத்து மேப்பில் வைத்து ஆராயும் முறை) பக்கம் வருவது கூடியிருக்கிறது. அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுப்பது) புவித்தகவலியலும் சேர்ந்த தொழில்நுட்ப முதுகலை ஒன்று. புவியியல் முதுகலை இன்னொன்று. சொந்தத் துறையிலேயே எம்.ஏ. சேர்ந்து, ஜிஐஎஸ்ஸைப் பக்கத்தில் கற்றுக்கொள்வது மூன்றாவது.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற இடங்களின் எம்.டெக். படிப்புகள் பொறியியல் பட்டமோ அறிவியல் முதுகலையோ கேட்பவை. பி.ஏ.வோடு போனால் விண்ணப்பப் படிவத்திலேயே நின்றுவிடுவீர்கள். இதில் எம்.எஸ்சி. படிப்பு நடத்தும் சில இடங்களில் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். உள்ளே போனால் செயற்கைக்கோள் படத்தைத் திருத்துவது, நிலப்பயன்பாட்டை வகைப்படுத்துவது, நிரல் எழுதுவது எல்லாம் உருப்படியாக வரும். ஜிஐஎஸ் நிறுவனத்தில் வேலைதான் இலக்கு என்றால் இதை அடிக்க வேறு வழி இல்லை. ஆனால் அங்கே மனிதர்கள் பெரும்பாலும் அட்டவணையில் ஒரு பத்தியாகத்தான் வருவார்கள். அந்த எண்ணை யார், எந்த வீட்டில், எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்பது பாடத்தில் இருக்காது.

இரண்டாவது வழி புவியியல். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வட்டார வளர்ச்சி ஆய்வு மையம் சமூக அறிவியல் புலத்துக்குள்ளேயே இருக்கிறது. புவியியலாளரும் பொருளியலாளரும் மக்கள்தொகை ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. எல்லைக்கோடு என்பது இயற்கையாக அமைந்ததில்லை, யாரோ போட்டது என்ற சந்தேகம் தொற்றிக்கொள்ளும்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019இல் ஐந்து புதிதாக வந்தன, 2020இல் மயிலாடுதுறை. இப்போது 38. பழைய வேலூர் மட்டுமே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. 2011 அட்டவணையை இன்றைய ஷேப்ஃபைலோடு (எல்லைக்கோடுகள் அடங்கிய மேப் கோப்பு) பெயரை வைத்து இணைத்துப் பாருங்கள். மூன்று மாவட்டத்து மக்களுக்கும் சேர்த்து எடுத்த எழுத்தறிவு விகிதம் இன்றைய சின்ன வேலூரின் மேல் போய் உட்காரும். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வெள்ளையாகக் கிடக்கும். மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. சரி செய்ய வேண்டுமானால் கிராம அளவுக்கு இறங்கி, அங்கிருந்து புதிய எல்லைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேப் போட அரைமணி நேரம், இதற்கு மூன்று வாரம்.

இதன் அண்ணன் முறைச் சிக்கல் ஒன்று உண்டு. 1950இல் ராபின்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1930 கணக்கெடுப்பை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால் கதை தலைகீழ்: வந்தேறியவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் அவர்கள் குடியேறியதால் வந்த மாயை அது. நிறம் பூசிய மாவட்ட மேப்பைப் பார்த்து மனிதர்களைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் இந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். நல்ல புவியியல் துறை இதை முதல் பருவத்திலேயே சொல்லிவிடும். சுமாரான துறையில் ஜிஐஎஸ் ஒரே ஒரு தாள்தான். மீதி நேரம் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் படம் வரைந்து கையெழுத்து வாங்குவதில் போய்விடும்.

மூன்றாவது வழியில் செலவு இல்லை. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் வெளியாருக்கான பயிற்சிகள் நடத்துகிறது, இணையவழியில் இலவசமாகச் சேரலாம். மேப் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம். இடம்சார் புள்ளியியலுக்கு (பக்கத்துப் பக்கத்து இடங்களின் எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது போன்றவை) லூக் அன்செலின் உருவாக்கிய மென்பொருள் ஜியோடாவும் இலவசம். (காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ்ஸா கியூஜிஐஎஸ்ஸா என்று சண்டை போடுகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. ஒன்று தெரிந்தால் மற்றது ஒரு மாதத்தில் வந்துவிடும். கைக்காசு போட்டு உரிமம் வாங்க வேண்டிய மாணவருக்குக் கேள்வியே எழாது.)

நான் வந்தது இந்த வழியில்தான். எம்.ஏ. ஆய்வில் திண்டுக்கல், மதுரை எல்லையோரக் கிராமங்களிலிருந்து ரேஷன் கடைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டேன். 0.02 என்று வந்தது. ஆஹா, கடை வாசலிலேயே இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியும் விட்டேன். அது கிலோமீட்டர் இல்லை, பாகை (அட்சரேகை, தீர்க்கரேகையின் அலகு). உண்மையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். சரி என்று யூடிஎம்முக்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மாற்றினால் அடுத்த அடி. கிழக்கு 78 பாகைக் கோடு தமிழ்நாட்டைப் பிளந்துகொண்டு போகிறது. திண்டுக்கல் நகரம் 43ஆம் மண்டலம், மதுரை 44; இரண்டுக்கும் அளவுத் தொடக்கமே வேறு. வழிகாட்டி பொருளியல்காரர். மேப் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். தவறைப் பிடிக்க ஆளே இல்லாதது இந்த வழியின் பெரிய குறை.

ஆனால் சொந்தத் துறையின் தரவு நமக்கு அத்துப்படி என்பது சின்ன விஷயமில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஜிபிஎஸ் புள்ளிகள் (பேட்டி எடுத்த இடங்கள்) யாருடைய அடையாளமும் தெரியாதிருக்க வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை. நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 வரை, சில கிராமப் புள்ளிகள் 10 வரை. இது தெரியாமல் அந்தப் புள்ளியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூரம் அளப்பவர் எவ்வளவு நுட்பமான மென்பொருளில் அளந்தாலும் பயனில்லை. சர்வே பற்றிப் படித்தவருக்குத்தான் அந்தக் கையேட்டைத் திறந்து பார்க்கத் தோன்றும்.

என் ஓட்டு இப்படி. நல்ல புவியியல் துறையில் இடம் கிடைத்தால் இரண்டாவது வழி. கிடைக்காவிட்டால் மூன்றாவது, ஆனால் புவியியல் துறையும் உள்ள வளாகமாகப் பார்த்துச் சேர்ந்து, அவர்களின் ஜிஐஎஸ் தாளை விருப்பப் பாடமாக எடுத்துவிடுங்கள். இரண்டு பருவம் அங்கே போய் உட்கார்ந்தால் 0.02ஐப் பார்த்துச் சிரிக்க ஒருவராவது கிடைப்பார்.

அப்புறம், எந்தத் துறையில் சேர்வதற்கு முன்னாலும் நூலகத்தில் போன வருட ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கி ஒரு மேப்பைப் பாருங்கள். எந்த ஆண்டின் எல்லை என்று அதன் அடியில் எழுதியிருக்கிறதா?