ஏர் ரைபிள் சர்வீஸ்: கடையில் கேட்கும் "பளார்" சத்தத்தை நம்பாதீர்கள்

பேரலை மடித்து ஏற்றும் .177 (4.5 மி.மீ. துளை) ஸ்பிரிங் ஏர் ரைபிள் அது. வேகம் குறைந்துவிட்டது என்று சர்வீஸுக்குப் போனது. ஸ்பிரிங், வாஷர் (பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் பாகம்) இரண்டையும் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள், கடையிலேயே சுட்டும் காட்டினார்கள். பளார் என்று சத்தம், பேரல் வாயில் புகை. வீட்டுக்கு வந்து இருபது பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போவதற்குள் பழையபடி சோர்ந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் இன்ஜின் ஆயில். அந்தச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் பாயும்போது அழுந்தும் காற்று கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் ஆயில் பற்றிக்கொள்ளும். எண்ணெய் எரிந்து தீரும்வரை பெல்லட் வேகமாகப் போகும், அதற்குள் வாஷர் கருகும். வாஷரையும் மாற்றியிருக்கவில்லை. ஸ்பிரிங் மட்டும் புதிது, ஆனால் நீளமான ஒன்றைக் கிரைண்டரில் வெட்டி, வெட்டிய முனையைத் தட்டையாக்காமல் அப்படியே போட்டிருந்தார்கள். அந்தக் கூர்முனை பிஸ்டனின் உட்சுவரைக் கீறியிருந்தது.

உண்மையான கோளாறு பேரல் மூடும் இடத்தில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங். நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது, அதை யாரும் தொடவே இல்லை. எவ்வளவு அற்பமான பொருள் அது!

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பேரலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான இலக்கில் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் அங்கே காற்று கசிகிறது. முதலில் ஓ-ரிங்கை மாற்றுங்கள். அது பள்ளத்திலிருந்து மயிரிழை அளவு மேலே நிற்க வேண்டும். பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீர்கள். பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இல்லாமல் வாஷரும் ஸ்பிரிங்கும் அடிபடும்.

நீங்களே பிரிப்பதானால், பேரலை மடித்து ஏற்றாத துப்பாக்கியிலும் ஸ்பிரிங் அழுந்தித்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் சிலிண்டரை நீள கிளாம்ப்பில் பிடித்து, பின்மூடியை லேசாக அழுத்திய பிறகே பின்களைத் தட்டி எடுங்கள். அப்புறம் கிளாம்ப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். கையால் பிடித்துக்கொண்டு பின்னைத் தட்டினால் மூடி முகத்துக்கே பாயும். திரும்பப் பூட்டும்போது சிலிண்டரின் நீளப் பிளவின் விளிம்பை எமரி பேப்பரால் மழுக்குங்கள். புது வாஷர் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கங்களுக்கும் மாலிப்டினம் கிரீஸ், மெல்லிய பூச்சு போதும். வாஷருக்கு முன்னால் எந்த கிரீஸும் போகக் கூடாது.

"ஹெவி ஸ்பிரிங் போட்டுத் தரேன்" என்றால் மறுத்துவிடுங்கள். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10 ஜூல். இந்தியாவில் .177 ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவைப்படாத எல்லை 20 ஜூல், வேகத்தைக் கூட்டக் கூட அதை நெருங்குவீர்கள். கனமான ஸ்பிரிங் அதிர்வைக் கூட்டி ஸ்கோப்பை உடைக்கும், குறியும் கெடும்.

கொடுக்கும்போதே பழைய ஸ்பிரிங்கும் வாஷரும் கையில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது ஒன்றிரண்டு சுட்டு முடிவெடுக்காமல் இருபது பெல்லட்டாவது சுடுங்கள். புகையும் எரிந்த எண்ணெய் வாடையும் வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.